பாட்டில் ஒரே ஒரு வரி சொன்னவள்

எங்கள் ஊர் லுவாண்டாவில் கேக் இல்லாமல் கூட ஒரு கல்யாணத்தை நடத்திவிடலாம். ஒர்லாண்டோ கபிங்காவின் ‘விடியுமுன்னே’ பாட்டு இல்லாமல் நடத்த முடியாது. நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீட்டில் நிச்சயம் முடியாது. பாட்டு முழுக்க ஒருவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் வாசலில் நின்று போகிறேன், போகிறேன் என்கிறான். மூன்று சரணம் முடிந்தும் கால் நகர்ந்தபாடில்லை. நிஜத்தில் ஒருவன் இப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் எங்கள் பெண்கள் பாத்திரம் கழுவின தண்ணீரை எடுத்து வீசுவார்கள். கபிங்கா நின்றால் மட்டும் கண் கலங்குவார்கள். அவன் குரல் அப்படி. அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குள் ஒரு கெஞ்சல். அந்தக் கெஞ்சலுக்கு கிஸோம்பா தாளத்தைச் சேர்த்துவிட்டால், ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தில், சண்டை போட்டு வந்த புருஷன் பெண்டாட்டி கூட சமாதானம் ஆகிவிடுவார்கள்.

மூன்றாவது சரணம் முடிந்ததும் வாத்தியம் எல்லாம் அடங்கும். ஒரு பெண் குரல், பாடாமல், வெறுமனே பேசும்: “போயிட்டு வந்துடு.” அவ்வளவுதான். மறுபடி தாளம் எடுக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் பாட்டு ஓடியது என்று சொல்கிறவர்கள் உண்டு. கபிங்காவின் விசிறிகள் அவர்களோடு மல்லுக்கு நிற்பார்கள்.

அந்த வரியைச் சொன்னவள் எர்மெலிந்தா. ரன்ஜெல் பேட்டையில் வேன்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். பனையெண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், பொரித்த மீன், மரவள்ளிக் களி. அடுப்புப் புகையிலும், “களி சூடா இருக்கு, வாங்க” என்று கத்தியதிலும் தொண்டை கட்டி, இப்போது அவள் பேசினால் பழைய கதவு திறக்கிற சத்தம்தான் வரும். அவள்தான் அந்தக் குரல் என்று அந்தப் பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது.

அது நடந்தது, தேர்தல் முடிந்து உள்நாட்டுச் சண்டை மறுபடி மூண்ட வருஷம். எர்மெலிந்தா அப்போது இருபது தாண்டின பெண். தாய் போனபின் தம்பி அமதேயுவை அவள்தான் வளர்த்தாள். அவனுக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. அந்த வருஷம் பதினெட்டு நிறைவதைப் போல ஒரு குற்றம் வேறில்லை. தெருவில் போகிற பையன்களை ராணுவ லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். போனது யானை வாயில் போன கரும்புதான். அமதேயு ரொட்டி வாங்கப் போன காலையில் லாரி வந்தது. யாரோ கூப்பாடு போட, எர்மெலிந்தா வெறுங்காலோடு ஓடினாள். மருந்துக்கடை முக்கில் லாரி திரும்பும்போது அவன் முகம் தெரிந்தது. அவனும் அக்காவைப் பார்த்துவிட்டான். பயமில்லை என்று காட்டுவதற்காக ரொட்டிப் பையைத் தூக்கி ஆட்டினான். அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. லாரி போய்விட்டது.

அந்த வாரமே அவள் சித்தி அவளை வேலைக்கு இழுத்தாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சித்தி நினைத்ததில் தப்பில்லை. சித்தி பாட்டுக்காரர்களுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டின் பின்கட்டு அறையில், சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்துப் பதிவு செய்வார்கள். இரண்டாவது தடவை எர்மெலிந்தா தூக்குச் சட்டியோடு போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கோரஸ் பாடுகிற பெண் வரவில்லை. வழியில் சோதனைச் சாவடி. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கபிங்காவுக்கு அப்போது பேர் கிடையாது. ஒல்லியாக, முன்பல்லில் சந்தோடு, இரவல் சட்டையில் இருப்பான். ஆனால் சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணின் பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை மறக்காமல் கூப்பிடுவான். பிற்பாடு பெண்கள் அவன் மேல் விழுந்ததற்குக் குரல் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

“எர்மெலிந்தா, ஒரு வரி சொல்லிட்டுப் போறியா?” என்றான். “பாட வேணாம். சும்மா பேசுனா போதும்.”

“எனக்கு அதெல்லாம் வராதுண்ணே.”

“எனக்குச் சொல்ல வேணாம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். உனக்கு யாருக்குச் சொல்லணும்னு இருக்கோ, அவங்களுக்குச் சொல்லிக்கோ.”

நிஜமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். எர்மெலிந்தா ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். கண்ணுக்கு முன்னால் மருந்துக்கடை முக்கும் லாரியும்தான் இருந்தன. அங்கே வராத சொல் இங்கே வந்தது. ஒரே தடவை. மெதுவாக, அடிவயிற்றிலிருந்து. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் காதிலிருந்து கருவியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கபிங்கா திரும்பி, “யாரும்மா அது?” என்று கேட்டான்.

“யாருமில்லண்ணே,” என்று சொல்லிவிட்டு, தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கேசட் வந்தபோது அட்டையில் கோரஸ் என்ற இடத்தில் போட்டிருந்தது, அன்றைக்கு வராத பெண்ணின் பேர். அட்டை முன்னமே அச்சாகிவிட்டது, யாரைக் குறை சொல்வது? அந்தப் பெண் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். கபிங்கா லிஸ்பனுக்குப் போய்ப் பெரிய ஆள் ஆனான். அமதேயு மட்டும் எங்கே போனான் என்று தெரியவில்லை. உவாம்போ பக்கம் பார்த்ததாக ஒருவன் சொன்னான்; எல்லையைத் தாண்டிவிட்டான் என்று இன்னொருவன் சொன்னான். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. செத்தது நிச்சயமில்லாதவனுக்குத் துக்கம் காப்பது அவனைக் கொல்வதற்குச் சமம் என்பார்கள் எங்கள் பக்கம். அதனால் அவள் கறுப்புத் துணி உடுத்தவில்லை, வாசலில் நாற்காலி போட்டு யாரையும் உட்காரவைத்து அழவில்லை. தம்பிக்கென்று அவளிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். ரேடியோவில் பாட்டு வரும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பாள். அந்த நேரத்துக்கு மட்டும் லாரி இன்னும் முக்கைத் தாண்டவில்லை.

இதைக் கெடுத்தவனும் கபிங்காதான், பாவம், தெரியாமல். ஒரு வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது ரேடியோவில் கேட்டார்கள்: அந்தப் பெண் குரல் யாருடையது? பேர் மறந்துவிட்டதோ, சொன்னால் பாட்டின் மயக்கம் போய்விடும் என்று நினைத்தானோ, ஒரு சிரிப்புச் சிரித்தான். “தன் ஆளை வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைக்கிற எந்தப் பொண்ணும்தான்,” என்றான். ஊர் சொக்கிப்போனது. மறுநாளிலிருந்து சந்தையில் வெங்காயம் விற்கிறவள், பள்ளிக்கூட வாத்தியாரம்மா, கன்னியர் மடத்துக்கு மாவு கொண்டுபோகிறவள் என்று ஆளாளுக்கு “அது நான்தான்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி வேடிக்கைக்கு, பாதி தாங்களே அதை நம்பி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதோடு ஒரு வழக்கமும் பிறந்தது. விருந்துகளில் அந்த இடம் வந்ததும் பாட்டு வைக்கிறவன் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவான். ஆடுகிற பெண்கள் எல்லாம் தங்களை அணைத்திருக்கிற ஆணின் காதில் அந்த வரியைச் சொல்ல வேண்டும். சொன்னால், நீ என் ஆள். சொல்லாவிட்டால், ஆடினதோடு சரி. எத்தனையோ பேருக்கு நிச்சயதார்த்தமே இப்படித்தான் முடிந்தது. எத்தனையோ பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

எர்மெலிந்தாவுக்கு இது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முதல் புருஷன் செவெரினோவிடம் அந்தக் குரல் தன்னுடையது என்று ஆரம்பத்திலேயே பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான். நம்பினதுதான் வினை. “அங்க சொன்ன மாதிரி எனக்கு ஒரு தடவ சொல்லேன்,” என்று பிடித்துக்கொண்டான். அவள் முயன்று பார்த்தாள். உப்பை எடு என்கிற மாதிரிதான் வந்தது. அது தம்பியினுடையது, எடுத்து வேறொருவனுக்குக் கொடுக்க வரவில்லை. அந்தச் சொல் யாருக்குச் சொன்னதோ அவன் திரும்பவில்லை என்கிற பயமும் உண்டு. இதை அவனுக்கு விளக்கிச் சொல்ல அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் கபிங்காவோடுதான் உனக்கு ஏதோ இருந்தது என்று அவன் முடிவு கட்டி, கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான். மகள் வளர்ந்து கல்யாணமாகித் தூரத்து நமீபேயில் இருக்கிறாள். அதன்பின் எர்மெலிந்தா யாரிடமும் வாய் திறக்கவில்லை. விருந்துகளில் பாட்டு ஆரம்பித்ததும் சமையல்கட்டுக்குள் நுழைந்துகொள்வாள். எவ்வளவு சுறுசுறுப்பு பார் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

காலம் போகப்போகப் பாட்டுக்கும் வயதானது. ரேடியோக்காரர்களுக்குப் புதுப் பையன்கள் கிடைத்தார்கள். வேன்களில் காது கிழிகிற பாட்டுகள் வந்தன. ‘விடியுமுன்னே’ கல்யாண வீட்டோடு நின்றது. எர்மெலிந்தா மாதக்கணக்கில் அதைக் கேட்காமலே இருந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் தன் தனிமை முழுசாகத் தெரிந்தது அவளுக்கு. கடையைப் பூட்டி, ஒற்றை அறைக்குப் போய், மிச்சம் இருக்கிற களியை நின்றபடியே தின்றுவிட்டுப் படுப்பாள். பேச ஆள் இல்லை என்பது பெரிதில்லை. நினைக்கவும் பிடி நழுவிக்கொண்டிருந்தது. அமதேயுவின் முகம் கலங்கலாகிவிட்டது.

அப்போதுதான் கசிமீரோ அந்தத் தடத்துக்கு வேன் ஓட்ட வந்தான். ஐம்பதைத் தொட்டவன், மனைவியை இழந்தவன், நெற்றி ஏறின தலை, அமைதியான ஆள். மற்ற ஓட்டுநர்கள் தூரமான தடத்தைப் பாதியில் வெட்டி, ஆட்களை இறக்கி ஏற்றி இரண்டு கட்டணம் வாங்குவார்கள். இவன் கடைசி வரைக்கும் போவான், அதனால் அவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அவன் வண்டியில் தினம் இரண்டு வேளை ‘விடியுமுன்னே’ ஓடும். எர்மெலிந்தா கரண்டியோடு கடை வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

“என்னடி, புகை கண்ணுல போயிடுச்சா?” என்றாள் எதிர்க்கடை பல்பினா.

“ஆமா, புகைதான்.”

“அந்தப் புகைக்கு நெத்தி கொஞ்சம் பெருசு. ஆனா பல்லெல்லாம் சொந்தப் பல்லுதான், பாத்துட்டேன்.”

கசிமீரோ அவள் கடையில் சாப்பிட ஆரம்பித்தான். சாயங்காலம் கடை சாத்தும் நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, முன் இருக்கையில் அவளை ஏற்றி வீட்டு முக்கில் இறக்கிவிடுவான். கேட்காமலே பாட்டை வைப்பான். ஒரு நாள் ஏன் இந்தப் பாட்டின் மேல் இத்தனை பிடிப்பு என்று கேட்டாள்.

“சண்டை நேரத்துல மலாஞ்சே பக்கம் பதுங்குகுழியில கிடந்தோம். ஒரே ஒரு ரேடியோ. பேட்டரி தீந்துரும்னு செய்தியக்கூட அணைச்சிருவோம். இந்தப் பாட்டுக்கு மட்டும் போடுவோம். அந்தப் பொம்பள இருக்காளே, அவ எனக்குத்தான் சொல்றான்னு வச்சுக்கிட்டேன். கபிங்கா கிடக்கான் கழுத. அவ சொன்னதுக்காகத்தான் பொழச்சு வந்தேன்.”

எர்மெலிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பிக்கு எறிந்த கயிறு. அவன் கைக்கு எட்டாமல் போனாலும் எவனோ ஒருவன் அதைப் பிடித்துக் கரையேறியிருக்கிறான். அன்றைக்கு அவனைப் பிடித்துப்போனது. கூடவே ஒரு வேதனையும் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் இத்தனை வருஷம் காதலித்தது அவளைத்தான்; ஆனால் அது அவள் என்று அவனுக்குத் தெரியாது. தன் குரல் மேல் தானே பொறாமைப்படுகிற நிலைமை உலகத்தில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தாள். செவெரினோவை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். நம்பினால், சொல்லிக் காட்டு என்பான். சொல்ல வராது. இவனும் போய்விடுவான். இவன் போனால் அவளுக்குத் தாங்காது.

குளிர்பனிக் காலம் தொடங்கியபோது கசிமீரோ கேட்டான். “எனக்கும் வீடு வெறிச்சுனு இருக்கு. உனக்கும் அப்படித்தான். எங்க அக்கா பொண்ணு கல்யாணம் வருது. என்கூட வா. வீட்டு ஆளுங்க முன்னாடி உன்னை உக்கார வைக்கிறேன். அப்புறம் ஒரே வீட்டுல இருந்துக்கலாம்.” அவள் சரி என்றாள். அந்த வாரம் மட்டும் கடையில் களி இரண்டு தடவை அடிப்பிடித்தது.

கல்யாணம் அக்காவின் வீட்டு முற்றத்தில். கூடாரம் போட்டு, நாற்காலிகளுக்கு ரிப்பன் கட்டி, மதியமே ஆட்டம் தொடங்கிவிட்டது. வெயில் சாயும் நேரம் ‘விடியுமுன்னே’யின் முதல் தாளம் விழுந்தது. எர்மெலிந்தா வழக்கப்படி எழுந்து சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள். கசிமீரோவின் அக்கா குறுக்கே வந்து மறித்தாள்.

“நீ இன்னைக்கு எங்க வீட்டு விருந்தாளி. சட்டியத் தொட்டா கைய ஒடிச்சுருவேன். போ, அவன் நிக்கிறான் பாரு.”

அவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட மடிப்பு. கையை நீட்டினான். அத்தனை பேர் பார்க்க, அந்தக் கையைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆடினாள். நன்றாக ஆடினான் கசிமீரோ. அவசரமில்லாத கால், முதுகில் பாரமில்லாமல் வைத்த கை. நெற்றியோடு நெற்றி சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் சரணமும் இரண்டாவது சரணமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்படி இருந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. மூன்றாவது சரணம் தொடங்கியதும் கண்ணைத் திறந்துகொண்டாள்.

சத்தம் அடங்கியது. முற்றம் முழுக்கப் பெண்கள் தங்கள் ஆண்களின் காதில் முணுமுணுத்தார்கள். மணப்பெண் கொஞ்சம் உரக்கவே சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். கசிமீரோ தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். எர்மெலிந்தா உதட்டைப் பிரித்தாள். ரொட்டிப் பை கண்ணுக்கு முன்னால் ஆடியது. சொல் வரவில்லை.

பாட்டு வைக்கிறவன் எதையும் விடுகிற ஜாதியில்லை. “அங்க வெள்ளைச் சட்டை அண்ணனுக்கு இன்னும் பதில் வரலியே,” என்று ஒலிபெருக்கியில் சொன்னான். கூடாரமே சிரித்தது. கசிமீரோவின் கை அவள் முதுகிலிருந்து நழுவியது. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவளை மரியாதையாக நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெளியே ஆண்கள் நிற்கிற பக்கம் போனான். அவன் அக்கா அதன்பின் அவள் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை கசிமீரோ எதிர்க்கடையில் சாப்பிட்டான். செவ்வாய்க்கிழமையும். ஓட்டுநர்கள் எர்மெலிந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவன் முதுகைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். கடைசியில் பல்பினாவே தெருவைத் தாண்டி வந்தாள்.

“எனக்கு வியாபாரம்தான், ஆனா நல்லால்லடி. அந்த ஆளு பீன்ஸ முழுங்குறதப் பாத்தா மருந்து முழுங்குற மாதிரி இருக்கு. ரெண்டு வார்த்தை. உலகமே சொல்லுது. உனக்கென்ன வாயில கொழுக்கட்டையா?”

“சொல்ல முடியாது பல்பினா.”

“அப்போ ஏன் முடியாதுன்னாவது சொல்லு. என்கிட்ட இல்ல, அவன்கிட்ட. இல்லேன்னா அவன வேற எவளாவது கொத்திட்டுப் போயிருவா. நானே போவேன்.”

அன்று மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் கசிமீரோ வண்டி நிறைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். எர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டு போய் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் நேரே பார்த்தபடி இருந்தான். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். லாரி, மருந்துக்கடை முக்கு, முட்டை அட்டை ஒட்டின அறை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற கபிங்கா, யாருமில்லை என்று தான் சொன்ன பதில். யாருக்காகச் சொன்னது என்பதையும், அதனால்தான் வேறு யாருக்கும் சொல்ல வரவில்லை என்பதையும் சொன்னாள். செவெரினோவிடம் சொல்லத் தெரியாமல் போனதை எல்லாம் இவனிடம் சொன்னாள்.

கசிமீரோ அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“தம்பி விஷயம் எனக்குப் புரியுது. நானும் அந்த மாதிரி லாரியில ஏறிப் போனவன்தான். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு உன்னைத் தப்பா நினைச்சு முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

அவளுக்கு மூச்சு வந்தது.

“ஆனா அந்தக் குரல் நீதான்னு சொல்றியே, அது வேணாம்மா,” என்றான் மென்மையாக. “செத்துப்போன என் சம்சாரம் ஜெனோவேவாவும் அதையேதான் சொன்னா. ஒரு வருஷம் நம்பினேன். அப்புறம் அவ தங்கச்சி சொல்லிச் சிரிச்சா, அந்தப் பாட்டு வந்தப்ப அவ லுவாண்டாவுலயே இல்லன்னு. எங்க அக்காவும் சொல்லுவா. இந்த ஊர்ல சொல்லாதவ யாரு?”

“நான் பொய் சொல்லல கசிமீரோ.”

“பொய்னு நான் சொல்லல. என்னைச் சமாதானப்படுத்தணும்னு சேத்துக்கிட்ட. எனக்குத் தெரியும். அந்தப் பொம்பளையோட குரல எங்க அம்மா குரல விட எனக்கு நல்லாத் தெரியும். நீ அவளா இருந்தா முதல் தட்டு பீன்ஸ் வைக்கிறப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்.” சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. “நீ அவளா இருக்க வேணாம். எனக்கு நீ போதும்.”

எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத வார்த்தை அது. எர்மெலிந்தா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாதாடலாம். சித்தி செத்துவிட்டாள், கபிங்கா கடல் தாண்டி இருக்கிறான், அட்டையில் வேறு பேர் இருக்கிறது. இந்தத் தொண்டையிலிருந்து அந்தக் குரலை எடுத்துக் காட்ட முடியாது. வாதாடினால் இவனும் நாலு பேரைப் போல அவளைப் பார்த்துச் சிரிப்பான். விட்டுவிட்டால் வீடு உண்டு, சாயங்காலம் பேச ஆள் உண்டு. அவளுக்கு வயதாகிவிட்டது, களைப்பாக இருந்தது, அவன் மேல் ஆசையும் இருந்தது.

“சரி,” என்றாள். “சும்மாதான் சொன்னேன்.”

“யார்கிட்டயும் அப்படிச் சொல்லிக்காத. சிரிப்பாங்க. எனக்கு வருத்தமா இருக்கும்.”

“சொல்லல.”

அவன் குனிந்து, பாட்டுப் பெட்டியில் செருகியிருந்த சின்ன பென் டிரைவைப் பிடுங்கினான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பக்கத்து வண்டிக்காரனிடம் கொடுத்தான். “நீயே வச்சுக்கடா. நம்ம வண்டியில இனிமே இது வேணாம்.” பிறகு அவள் பக்கம் திரும்பினான். “உன் தம்பி ஞாபகம் வந்து உன்னை வாட்டுற பாட்டு எனக்கெதுக்கு? கல்யாணம் காட்சின்னாலும் நாம போற இடத்துல அத வைக்கக் கூடாதுன்னு அக்காகிட்டச் சொல்லிடுறேன்.”

எர்மெலிந்தா பக்கத்து வண்டியைப் பார்த்தாள். அந்தப் பையன் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வேண்டாம், அதை மட்டும் எடுக்காதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். ஏனென்றால் அதில் பேசுவது நான், என் தம்பிக்குப் பேசுகிறேன், எனக்கு வேறு இடம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சற்றுமுன் சும்மா சொன்னதாகச் சொல்லிவிட்டாளே.

மழை வருவதற்குள் அவள் கசிமீரோவின் வீட்டுக்குக் குடிபோனாள். அவன் அக்கா சமாதானமாகிவிட்டாள். விருந்துகளில் சொன்னபடியே அந்தப் பாட்டு வராமல் பார்த்துக்கொள்கிறாள். பாவம், தம்பியைப் பறிகொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். கசிமீரோ குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, மீனை அவனே கழுவிக் கொடுப்பான். சாயங்காலம் முன் இருக்கையில் அவளை உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவான். வண்டியில் வேறு பாட்டு ஓடும், அல்லது ஒன்றும் ஓடாது. மருந்துக்கடை இருந்த முக்கில் இப்போது கைபேசிக் கடை. அங்கே வண்டி திரும்பும்போது அவள் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளுக்குள் தன் குரலைத் தேடுவாள். தேடத்தேட, அகப்படுவது இந்தப் புகைக் குரல்தான்.

“என்ன, பேசாம வர?” என்றான் ஒரு நாள். “சந்தோஷமாத்தானே இருக்க?”

“சந்தோஷமாத்தான் இருக்கேன்,” என்றாள் எர்மெலிந்தா.

அதை அவன் உடனே நம்பினான்.